வெயில் நன்றாகத்தான் இருந்தது

எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கடல் தெரியாது. தெரியக்கூடிய தூரம்தான், இடையில் ரப்பர் மரங்கள் நிற்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தின் எல்லை ஊரான களியக்காவிளையிலிருந்து கொல்லங்கோடு வழியாக நீரோடிக்குப் போக பஸ்ஸில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் உள்நாட்டுக்காரர்களான எங்களுக்குக் கடல் என்பது காலையில் பைக்கில் தெருவுக்கு வரும் சாளையும் நெத்தோலியும்தான். மீன்காரர் "கடல் கோளாக இருக்கிறது, இன்று மீன் இல்லை" என்றால் அன்றைக்கு வீட்டில் சாம்பார். கடலின் வானிலை பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவே. நாற்பதைத் தொடும் வரை நான் ஒரு வள்ளத்தில் ஏறியதில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டது 2024 மே மாதம். கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் குடும்பம் கோடை விடுமுறைக்கு வந்திருந்தது. நான் பள்ளி ஆசிரியை. எங்கள் வீட்டில் சுற்றுலா என்றாலே மே மாதம்தான். மற்ற மாதங்களில் எனக்கு விடுப்பு கிடைக்காது. மே 4, சனிக்கிழமை. கேரளத்துக் கோவளத்தில் இரண்டு இரவுகளுக்கு அறை. எட்டுப் பேர், ஒரு வாடகை வேன், ஒரு பெரிய பந்து, பிள்ளைகளுக்கு மிதவை வளையங்கள்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. காற்றுகூடப் பெரிதாக இல்லை. கலங்கரை விளக்கத்தின் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் வெயிலில் கண்ணைப் பறித்தன. ஆனால் மணலில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். கடற்கரைக் காவலர் ஊதிய விசிலுக்கு ஓய்வே இல்லை. முழங்கால் தண்ணீருக்கு மேல் யாரையும் விடவில்லை. நாத்தனாரின் கணவருக்கு, நான் அண்ணன் என்றுதான் அழைப்பேன், கோபம் வந்துவிட்டது. நானூறு கிலோமீட்டர் தாண்டி வந்த மனிதர். "மழையா, காற்றா? வெயில் இப்படி அடிக்கிறது, எதற்கு இந்தத் தடை?" என்று காவலரிடம் மல்லுக்கு நின்றார். அந்த இளைஞர் மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார்: "மேகம் இங்கே இல்லை, சேட்டா. அங்கே." அவர் கை காட்டிய பக்கம் தெற்கே வெறும் கடல்.

நாங்கள் அதை அலட்சியப் பேச்சு என்று எடுத்துக்கொண்டோம். சற்று நேரத்தில் கடல் அமைதியாகிவிட்டது போல இருந்தது. அலைகள் தாழ்ந்தன, பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அப்போது ஓர் அலை வந்தது. உயரமாக எழும்பி உடையவில்லை. மெதுவாக, நிற்காமல், மணலில் ஏறிக்கொண்டே வந்தது. உணவகங்களின் படிக்கட்டு வரை வந்து நாற்காலிகளைத் தூக்கிப் போட்டது. திரும்பிப் போகும்போது அது காலுக்கடியில் இருந்த மணலையும் உருவிக்கொண்டு போனது. என் மகன் விழுந்தான், என் கணவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்தது, பையன் தப்பினான். மிதவை வளையம் போன இடம் தெரியவில்லை.

மறுநாளும் அறையின் சன்னல் வழியாகத்தான் கடலைப் பார்த்தோம். திங்கட்கிழமை வீடு திரும்பிய பிறகு தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அன்று, மே 6-ஆம் தேதி, எங்கள் மாவட்டத்திலேயே கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. அங்கும் இதே வெயில்தான் அடித்திருக்கும். அண்ணன் அன்று இரவு சாப்பிடவில்லை.

இதற்குக் கேரளக் கடற்கரையில் கள்ளக்கடல் என்று பெயர். திருடனைப் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். மீனவர் வாயில் புழங்கிய இந்தச் சொல்லை 2012-இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், பெரும் புயற்காற்று அடிக்கிறது. அங்கே எழும் நீண்ட அலைகள் சில நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேர்கின்றன. புயல் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அலை மட்டும் வருகிறது. இந்த அலைகளுக்கு நடுவே இடைவெளி நீளம். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் "அடங்கிவிட்டது" என்று மனிதர்கள் இறங்குகிறார்கள், நாங்கள் இறங்கியது போல. காவலர் தெற்கே கை காட்டியது பூகோளப் பாடம். ஆசிரியையான எனக்கு அது புரிய இரண்டு நாட்கள் ஆயின.

அதன் பிறகு நான் கற்றுக்கொண்ட முதல் பழக்கம், கடலுக்குப் புறப்படும் முன் வானிலை பார்க்காமல் அலை பார்ப்பது. இரண்டும் வேறு. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் உயர் அலை எச்சரிக்கைகளை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. கள்ளக்கடல் என்ற சொல்லையே அதில் காணலாம். செல்பேசியில் வெயில் படம் போட்டிருக்கிறதே என்று கிளம்புகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது, மாதம். நம் பள்ளி விடுமுறையும் இந்தக் கடலும் ஒத்துப்போவதில்லை. ஏப்ரல், மே கள்ளக்கடல் அதிகம் வரும் காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, கடல் சேறாகக் கலங்கிக் கிடக்கும். அந்தக் காலத்தின் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, அதே காற்று கடலில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர், நவம்பர் நம்ப முடியாத மாதங்கள். ஒக்கிப் புயல் இந்தக் கரையைச் சூறையாடியது 2017 நவம்பர் 30-ஆம் தேதி. மீதி இருப்பது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. அப்போதுதான் இந்தப் பக்கத்துக் கடல் கொஞ்சம் கண்ணாடி போலக் கிடக்கும். அறை வாடகை இரண்டு மடங்கு ஆவதும் அப்போதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே 2025 பொங்கல் விடுமுறையில் மறுபடியும் போனோம், அதே எட்டுப் பேர். காரோட்டிலிருந்து கோவளம் பக்கம் போகும் புதிய கான்கிரீட் புறவழிச்சாலை வந்துவிட்டதால் பாறசாலை, நெய்யாற்றின்கரை நெரிசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

கோவளத்தைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு ஒன்றும் இல்லை. பாறை முனைகளால் பிரிந்த பிறை வடிவக் கடற்கரைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. தெற்கே இருப்பது கலங்கரை விளக்கக் கடற்கரை, அடுத்தது ஹவ்வா, வடக்கே சமுத்ரா. கலங்கரை விளக்கம் 1972-இல் எழுப்பப்பட்டது. எல்லாரும் முதல் கடற்கரையிலேயே குவிகிறார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் சமுத்ரா பக்கம் தங்கினால் இரவில் பாட்டுச் சத்தம் இல்லாமல் தூங்கலாம்.

ஆனால் இரண்டு செய்திகளை விட்டுவிட மனமில்லை. ஒன்று, இழுப்பு. மே மாதம் அண்ணனிடம் திட்டு வாங்கிய அதே காவலரை ஜனவரியில் மறுபடி பார்த்தோம். இந்த முறை அண்ணனே போய்க் கை கொடுத்தார். அவர் கடலைக் காட்டிக் கேட்டார்: "இதில் எந்த இடத்தில் குளிப்பீர்கள்?" இரு பக்கமும் அலை உடைந்து நுரை தள்ளியது, நடுவில் ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல் அமைதியாக இருந்தது. நாங்கள் எட்டுப் பேரும் ஒரே குரலில் அந்த நடுப்பட்டையைக் காட்டினோம். அவர் சிரித்துவிட்டார். கரையேறிய தண்ணீர் எல்லாம் திரும்பிப் போகிற பாதை அதுதானாம். அதில் சிக்கினால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, தோற்றுப்போவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையைவிட்டு வெளியே வந்துவிட்டால் அலையே கரையில் கொண்டுவந்து விடும். நீந்தத் தெரியாதவர் நுரை இருக்கும் இடத்தில் முழங்கால் ஆழத்தோடு நிற்பதுதான் புத்தி.

இன்னொன்று, மீன். மாலையில் உணவகங்களின் வாசலில் ஐஸ் மேல் நெய்மீனும் கணவாயும் இறாலும் அடுக்கி வைத்திருப்பார்கள். "எவ்வளவு?" என்று கேட்டால் சொல்லும் விலை சில சமயம் கிலோவுக்கு, சில சமயம் நூறு கிராமுக்கு. நாங்கள் கிலோ விலை என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு, ரசீதைப் பார்த்தபோது என் மாமியார் "இதற்கு நம் ஊரில் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கலாமே" என்றார். எடை போட்டு, பொரிக்கும் கூலியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எண்ணெய் சட்டியில் விழும் முன்பே கேட்டுவிட வேண்டும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இனி பூவாறு. இங்கேதான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு கடலில் சேரும் இடம் அது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் மேடு, அதில் ஒரு வாய். அந்த வாய்க்குப் பெயர் பொழி. சில மாதங்களில் மூடிக்கிடக்கும், வெள்ளம் வந்தால் உடைத்துக்கொண்டு திறக்கும். பக்கத்து ஊரின் பெயரே பொழியூர். இங்கிருந்து குமரி வரை படகு விட வேண்டும் என்று 1860-இல் திருவிதாங்கூர் அரசு ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கியது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய்: பெயரிலேயே ஒரு சாமி, ஒரு ராணி, ஒரு ராஜா. மூவர் சேர்ந்தும் கால்வாய் குமரிக்குப் போய்ச் சேரவில்லை. எங்கள் பக்கத்தில் அதன் மிச்சம் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது.

பாலத்துக்கு முன்பே ஒருவர் கைகாட்டி வேனை நிறுத்தினார். "அந்தப் படகுத்துறை மூடிவிட்டது, இந்த வழியாக வாருங்கள்." உண்மையில் எந்தத் துறையும் மூடவில்லை என்று பிறகு தெரிந்தது. ஒன்றரை மணி நேரச் சவாரி என்று ஒரு தொகை பேசி ஏறினோம். கூரை போட்ட சிறிய மோட்டார் படகு, ஓட்டுபவனுக்கு இருபது வயது இருக்கலாம். லைஃப் ஜாக்கெட்டுகள் படகின் முன்பக்கம் குவியலாகக் கிடந்தன. "போட வேண்டுமா தம்பி?" என்றேன். "ஆறுதானே சேச்சி" என்றான். வெயில் நன்றாக இருந்தது, புழுக்கம் வேறு. நாங்களும் விட்டுவிட்டோம். மே மாதம் நடந்ததையெல்லாம் ஆறு என்ற ஒரு சொல் மறக்கடித்துவிட்டது. கடல்தான் பொல்லாதது, ஆறு நம் வீட்டுப் பிள்ளை என்கிற நினைப்பு.

சவாரி அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. அலையாத்தி மரங்களின் வேர்கள் தண்ணீருக்குள் விரல்களாக இறங்கியிருந்த குறுகலான வழிகளில் படகு நுழைந்தது. நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன, செம்பருந்து ஒன்று எங்கள் தலைக்கு மேலேயே வட்டமிட்டது. மிதக்கும் குடில்களைத் தாண்டி மணல் மேட்டில் இறக்கிவிட்டான். ஒரு பக்கம் பச்சை ஆறு, மறுபக்கம் நீலக் கடல், நடுவில் பொன் நிற மணல். பிள்ளைகள் ஓடினார்கள். அந்த மணலில் நின்ற அரை மணி நேரமும் ஒன்றரை மணிக் கணக்கில் சேர்ந்தது என்பது தனிக்கதை.

திரும்பும்போது பொழிக்குப் பக்கத்தில் எஞ்சின் நின்றது.

அவன் கயிற்றை இழுத்தான். இருமியது, நின்றது. மறுபடி இழுத்தான். கடல்மட்டம் தாழ்ந்து ஓதம் இறங்கும் நேரம் அது. ஆற்றின் ஓட்டமும் இறங்கும் ஓதமும் ஒன்று சேர்ந்து பொழி வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. படகு அசைவதே தெரியவில்லை. கரையில் ஒரு தென்னை மரம் இருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக எங்களுக்குப் பின்னால் போவதைப் பார்த்துத்தான் நாங்கள் கடல் பக்கம் நகர்கிறோம் என்று தெரிந்தது. பொழி வாயில் வெள்ளையாக அலை உடைவது கேட்டது. "துடுப்பு எங்கே?" என்று என் கணவர் கேட்டார். இல்லை. "நங்கூரம்?" இல்லை. ஊன்றுவதற்கு ஒரு மூங்கில் கழிகூட இல்லை. குவியலிலிருந்து ஜாக்கெட்டுகளை இழுத்தேன். மூன்று பிள்ளைகளுக்கும் பெரியவர்களின் அளவு, ஒன்றில் கொக்கி உடைந்திருந்தது. என் துப்பட்டாவால் அதை மகளின் இடுப்பில் கட்டினேன். என் கை நடுங்கியதால் முடிச்சு விழவே மாட்டேன் என்றது. மாமியார் மட்டும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

எதிரே வந்த வேறொரு படகுக்காரர் எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். கயிற்றை எறிந்தார், இரண்டாவது முறையில்தான் சிக்கியது. முன்னும் பின்னும் பத்து நிமிடங்கள் இருக்கும். துறைக்கு வந்ததும் முழுப் பணமும் கேட்டார்கள். காவலரிடம் அப்படி மல்லுக்கு நின்ற அண்ணன் வாய் திறக்காமல் எண்ணிக் கொடுத்தார்.

அந்தப் பையன் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. எஞ்சின் எல்லா எஞ்சினையும் போலத்தான் நின்றது. எஞ்சின் நின்றால் அடுத்து என்ன என்று யாருமே நினைக்காமல் எட்டுப் பேரை ஏற்றியதுதான் குற்றம், அதில் எங்களுக்கும் பங்கு உண்டு. இப்போது நான் எந்தப் படகில் ஏறினாலும் முதலில் தேடுவது துடுப்பும் நங்கூரமும். காட்டுங்கள் என்று கேட்கிறேன். இல்லையென்றால் அடுத்த படகு. ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டி, கொக்கிகளைப் போட்டு, தோளில் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கிறேன். காதைத் தாண்டி மேலே வந்தால் அது அந்த உடம்புக்கானது அல்ல. பிள்ளைகளின் அளவு இல்லாத இடத்தில் பிள்ளைகளை ஏற்றுவதில்லை. எத்தனை பேருக்கு அனுமதி என்று படகில் எழுதியிருக்க வேண்டும், அதைத் தேடிப் படிக்கிறேன். 2023 மே 7-ஆம் தேதி மலப்புறம் தானூரில் 22 உயிர்கள் போனது அளவுக்கு மீறி ஆளை ஏற்றிய உல்லாசப் படகில்தான். அதுவும் நடுக்கடலில் அல்ல, ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில். விலையைப் பற்றி மூன்றே கேள்விகள் போதும்: தலைக்கா படகுக்கா, மணலில் நிற்கும் நேரம் சேர்த்தா, திரும்ப இதே துறைக்கா. வழியில் கைகாட்டி நிறுத்துகிறவரோடு இதையெல்லாம் பேசிப் பயனில்லை, படகு ஓட்டப்போகிறவரிடம் பேச வேண்டும்.

அன்று மாலை எல்லாரும் "போதும், வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். நான்தான் இன்னும் ஒரு நாள் என்று பிடிவாதம் பிடித்தேன். காரணம் இருந்தது. எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் டீச்சரின் அப்பா கோவளத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் இருக்கிறார். நீரோடியில் பிறந்து, விழிஞ்ஞத்தில் பெண் எடுத்து, அங்கேயே தங்கிவிட்டவர். எழுபது தாண்டிவிட்டது. மகன்கள் பைபர் வள்ளத்தில் தொலைவுக்குப் போகிறார்கள். இவர் இன்னும் ஒரு சின்ன மரம் வைத்திருக்கிறார். கட்டுமரத்தை அவர்கள் மரம் என்றுதான் சொல்வார்கள். "காற்றில் போக வேண்டுமானால் மக்களே, நம்முடையதில் ஏறு. ஆனால் ஒரு தடவைக்கு ஒருவர்தான்" என்று முன்பே சொல்லியிருந்தார். இதைப் படித்துவிட்டு மீன்பிடிக்கிறவர்களிடம் போய் யாரும் சவாரி கேட்க வேண்டாம். எங்களை அவர் ஏற்றியது வீட்டு விருந்தாளியாக. ஜாக்கெட்டும் நாங்களே கோவளத்தில் வாடகைக்கு எடுத்துப் போனோம்.

கோவளத்தில் ஒரு விடுதியின் வாசலில் ஆங்கிலத்தில் கட்டமரான் சவாரி என்று பலகை இருந்தது. எட்டிப் பார்த்தால் இரண்டு கூடுகளை இணைத்த வெள்ளைப் படகு. கட்டிய மரம் ஒன்றுகூட அதில் இல்லை. நம் சொல் கப்பலேறிப் போய், உருமாறித் திரும்பி வந்து நம்மிடமே டிக்கெட் கேட்கிறது. பெரியவரின் மரம் அசல். சில கனத்த மரத்துண்டுகளைச் சேர்த்து, நடுவில் தாழ்வாக, இரு முனையிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. அதற்குப் பக்கச் சுவர் இல்லை. தண்ணீர் கீழிருந்தும் மேலிருந்தும் தாராளமாக வந்து போகும். அதனாலேயே அது மூழ்காது என்றார். மூழ்குவதற்கு அதில் தண்ணீர் தங்க வேண்டுமே.

காலை ஏழரைக்கு முதலில் என் கணவர் போனார். புட்டும் கடலையும் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு. கால் மணி நேரத்தில் வெளிறிய முகத்தோடு திரும்பி வந்து பாறைக்குப் பின்னால் ஒதுங்கினார். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இரண்டு இட்லி கணக்கு. குமட்டல் வரும் என்று தெரிந்தவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையைப் புறப்படும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், தலை சுற்றிய பிறகு போட்டுப் பயனில்லை. பார்வை செல்பேசியில் இருக்கக் கூடாது, தொடுவானத்தில் இருக்க வேண்டும். இவர் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாராம்.

என் முறைக்கு உடனே ஏற்றவில்லை. "காற்று மாறட்டும்" என்றார் பெரியவர். மணலில் உட்கார்ந்து காத்திருந்தோம். அதுவரை கரையிலிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்த இளங்காற்று பத்து மணிக்கு மேல் மெலிந்து நின்றுவிட்டது. கோவிலடியில் கட்டியிருந்த கொடிகள் துவண்டன. அந்த நேரத்து வெப்பத்தைச் சொல்லி முடியாது. "மூச்சு மாற்றுகிறது" என்றார். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் சூட்டை வைத்திருக்கும், அதனால் விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு. பகலில் நிலம் காய்ந்ததும் எல்லாம் தலைகீழ். எட்டாம் வகுப்பில் நான் வருடந்தோறும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்துகிற பாடம்தான். அந்த அம்புக்குறியின் மேல் ஏறி மனிதர்கள் தொழிலுக்குப் போய் வந்தார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எஞ்சின் வருவதற்கு முன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போவார்கள், மதியம் கடற்காற்றில் பாய் விரித்து வீடு திரும்புவார்கள். காற்று மாறும் முன் திரும்பினால் கை வலிக்கும், அவ்வளவுதான் வாழ்க்கை என்றார்.

பதினொன்று மணிக்கு மேல் தண்ணீரின் மேல் ஒரு கருநிறச் சுருக்கம் மேற்கிலிருந்து நகர்ந்து வந்தது. அவர் எழுந்து மடித்திருந்த பாயைத் தோளில் போட்டார். துடுப்பை அவர் தொளவை என்றார். அதைப் போட்டு அரைக் கிலோமீட்டர் போல வெளியே போனோம். என் இடுப்புக்குக் கீழே முழுவதும் நனைந்தது. முழங்காலை மடக்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலப்பக்கம் விழிஞ்ஞம் புதிய துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் ராட்சதக் கொக்குகளாக நின்றன.

"பழைய கணிச்சமெல்லாம் போய்விட்டது" என்றார். கரை அடையாளங்களை வைத்துக் கடலில் இடம் கண்டுபிடிப்பதுதான் கணிச்சம். நடுக்கடலில் மீன் கூடும் பாறைத்திட்டுக்குப் பார் என்று பெயர். அது எங்கே என்று தண்ணீரில் எழுதியிருக்காது. கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். வேறு திசையில் இன்னும் இரண்டு. இரு கோடுகளும் வெட்டும் இடம்தான் பார். சிலுவை நிற்கும் ஒரு குருசடி, அதன் பின்னால் ஒரு பனை. பள்ளிவாசலின் கோபுரம், அதன் பின்னால் ஒரு மலை முனை. கட்டடங்கள் எழும்பிப் பனை மறைந்துவிட்டது. இப்போது பாரந்தூக்கியை வைத்துப் புதுக் கணிச்சம் போட்டிருக்கிறார். மகன்கள் ஜிபிஎஸ் பார்க்கிறார்கள். "அதுவும் நல்லதுதான். பேட்டரி இருக்கிற வரை." ஒக்கியைப் பற்றிக் கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

பாயை விரித்தார். முக்கோணத் துணி, பல இடங்களில் ஒட்டுப் போட்டது. காற்று அதில் நிறைந்த நொடியில் மரம் முன்னால் குதித்தது. எஞ்சின் சத்தம் இல்லாத வேகத்தை நான் அதுவரை அறிந்ததில்லை. மரத்துண்டுகளுக்கு நடுவே தண்ணீர் கலகலவென்று பேசிக்கொண்டு ஓடியது. பின்னால் தொளவையைச் சுக்கானாகப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். "பயமா மக்களே?" "இல்லை அப்பா." பொய்தான். ஆனால் பூவாற்றில் வந்த பயம் வேறு. அங்கே எங்களோடு இருந்த யாருக்கும் அந்தத் தண்ணீரைத் தெரியாது.

கரையில் இறங்கிய பிறகுதான் என் பிடரியும் புறங்காலும் எரிவது தெரிந்தது. தொப்பி போட்டிருந்தேன், முழுக்கை போட்டிருந்தேன். வெயில் மேலிருந்து மட்டும் வரும் என்று கணக்குப் போட்டது தவறு. தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் வருகிறது. கழுத்தை மூடும் பருத்தித் துண்டும் காலுக்கு மெல்லிய உறையும் ஜனவரியானாலும் வேண்டும். தொப்பிக்குத் தாடையில் கட்டும் கயிறு இல்லையென்றால் அது கடலுக்குக் காணிக்கை. என்னுடையது காணிக்கையாகிவிட்டது.

டீச்சரின் அம்மா பாறையில் எடுத்த சிப்பியை வறுத்து, மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்திருந்தார். சாப்பிடும்போது என் கணவர் ஒரு கவரை நீட்டினார். பெரியவர் வாங்கவில்லை. "உங்களுக்கு ரப்பர் தோட்டம் இருக்கிறதாமே. அந்தப் பால் எடுப்பதை நான் பார்த்ததே இல்லை" என்றார். எழுபது வருடம் எங்களிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தவர்.

பிப்ரவரியில் இலை உதிர்ந்து பால் வெட்டு நிறுத்துவதற்குள் வந்துவிடுங்கள் என்று அழைத்தோம். ஜனவரிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்காரர் மரம் மரமாகப் போனார். பெரியவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். கத்தி பட்ட கோட்டில் வெள்ளை கசிந்து சிரட்டையில் சொட்டுவதை ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று பார்த்தார். ஏன் இருட்டோடு இருட்டாக என்று கேட்டார்.

"வெயில் ஏறினால் பால் நின்றுவிடும்" என்றார் வெட்டுக்காரர்.

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு விரலை நனைத்து மேலே நீட்டிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். ரப்பர் தோட்டத்துக்குள் காற்றே இல்லை.